ஆபீஸும் போகணும்... ரேஸும் ஜெயிக்கணும்!

2021 ஜூலை 25. ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப் போன டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கான சாலை சைக்கிள் பந்தயம் நடக்கிறது. தூரம் 137 கிலோமீட்டர். ஃபியூஜி மலைக்குப் பக்கத்தில் இருக்கும் கார் ரேஸ் மைதானத்துக்குள் எல்லைக்கோடு.

ஹாலந்தைச் சேர்ந்த ஆன்னமீக் வான் ஃப்ளூட்டன் கோட்டைத் தாண்டுகிறார். இரண்டு கைகளையும் விரிக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. 'அப்பாடா, ஜெயிச்சாச்சு!' உலக சாம்பியன் பட்டமெல்லாம் வாங்கியவர். சைக்கிள் ஓட்டுவதுதான் அவருக்குத் தொழில், சம்பளம், வாழ்க்கை எல்லாமே.

அப்புறம்தான் விஷயம் தெரிகிறது. அவர் வந்தது இரண்டாவது! ஒரு நிமிஷம் பதினைந்து விநாடிக்கு முன்பே இன்னொரு பெண் கோட்டைத் தாண்டிவிட்டு, மூச்சு வாங்க தரையில் மல்லாந்து கிடக்கிறார்.

அந்தப் பெண் ஆஸ்திரியாவைச் சேர்ந்த அன்னா கீஸன்ஹோஃபர். வயது 30. அப்போது அவருக்கு எந்த சைக்கிள் டீமும் சம்பளம் கொடுக்கவில்லை. கோச் கிடையாது. மசாஜ் செய்ய ஆள் கிடையாது. அவருடைய வேலை என்ன தெரியுமா? கணக்கு! கேம்பிரிட்ஜில் படித்து, பார்சலோனாவில் டாக்டர் பட்டம் வாங்கி, ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். சைக்கிள், வேலை நேரம் போக மீதி நேரத்தில்!

ஆஸ்திரியா சார்பில் அந்தப் பந்தயத்தில் ஓடியது அவர் ஒருத்தர்தான். கூட ஓட ஒரு தோழிகூட இல்லை. கொடி அசைத்தவுடனே முன்னால் பாய்ந்தார். இன்னும் நாலு பேர் அவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பின்னால் வந்த பெரிய கூட்டம், 'போகட்டும் விடு, எப்படியும் பிடிச்சுடலாம்' என்று சும்மா இருந்தது. இடைவெளி பத்து நிமிஷத்தைத் தாண்டியது. எல்லைக்கு 40 கிலோமீட்டர் இருக்கும்போது மிச்சமிருந்த கூட்டாளிகளையும் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார் அன்னா. மற்ற பந்தயங்களில் வீரர்கள் காதில் ஒரு ரேடியோ இருக்கும். டீம் காரிலிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கும். ஒலிம்பிக்ஸில் அதற்கு அனுமதி இல்லை. பின்னால் வந்தவர்கள், பின்தங்கிய அந்தக் கூட்டாளிகளைப் பிடித்ததும் 'எல்லாரையும் பிடிச்சாச்சு' என்று நினைத்துவிட்டார்கள். முன்னால் ஒரு கணக்கு அம்மா தனியாகப் போய்க்கொண்டிருப்பதே பலருக்கு ஞாபகமில்லை!

இந்தக் கதையைச் சொன்னால், வார இறுதியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐம்பது, நூறு கிலோமீட்டர் போகிற அன்பர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருவார்கள். 'பார்த்தீங்களா, நாங்களும் சும்மா இல்லை!'

வாஸ்தவம்தான். ஆனால் அந்த உற்சாகத்தில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எவ்வளவு தூரம் வித்தியாசம்?

முதலில் ஒரு மலைப்பாதை. பிரான்ஸ் நாட்டில் 'ஆல்ப் துவேஸ்' என்று ஒரு மலை. 21 கொண்டை ஊசி வளைவுகள். 13.8 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏற்றம், ஏற்றம், ஏற்றம்! மூன்று வாரம் நடக்கிற 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் இந்த மலை வந்தால் லட்சக்கணக்கில் ஜனங்கள் போய் ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவார்கள். முதல்தரமான புரொபஷனல் வீரர் இதை ஏற 40 நிமிஷத்துக்குப் பக்கமாக எடுத்துக்கொள்கிறார். நன்றாகப் பயிற்சி செய்த அமெச்சூர் ஒருத்தர் ஒரு மணி நேரத்தில் ஏறினால் சபாஷ் போடலாம். நம்மைப் போல ஓரளவு பழக்கம் உள்ளவர் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் எடுப்பார். நடுவில் இறங்கித் தள்ளினால் அது தனிக் கணக்கு!

இதை 'வாட்' கணக்கிலும் சொல்வார்கள். வீட்டு பல்புக்குச் சொல்கிறோமே, அதே வாட்தான். காலால் மிதித்து எத்தனை வாட் சக்தி கொடுக்க முடிகிறது என்று பார்த்து, அதை உடம்பின் எடையால் வகுப்பார்கள். பயிற்சி இல்லாதவர் கிலோவுக்கு 2 வாட்டை ஒரு மணி நேரம் கொடுத்தால் பெரிய விஷயம். விடாமல் ஓட்டுகிற அமெச்சூர் 3 முதல் 4 வரை கொடுப்பார். உச்சத்தில் இருக்கும் புரொபஷனல் 6-ஐத் தொடுவார். மேடு ஏறும்போது பூமியின் இழுப்பை ஏமாற்ற வழியே இல்லை. இரண்டு மடங்கு வாட் கொடுத்தால் ஏறக்குறைய பாதி நேரம். அவ்வளவுதான்.

சமதரையில் கதை வேறு. அங்கே எதிரி காற்று. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் காற்றின் எதிர்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். பெரிய கூட்டத்தின் நடுவயிற்றில் இருப்பவருக்கு, தனியாக ஓட்டுகிறவர் சந்திக்கிற காற்று எதிர்ப்பில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவுதான் என்று 2018-ல் ஹாலந்து, பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். அதனால்தான் ஓர் அமெச்சூர், புரொபஷனல்களின் கூட்டத்துக்குள் புகுந்தால் சமதரையில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டே போய்விட முடியும். 'அட, இவ்வளவுதானா?' என்றுகூடத் தோன்றும். முதல் மேடு வரும்வரைதான்!

1993-லிருந்து பிரான்ஸில் ஓர் அருமையான ஏற்பாடு. டூர் டி பிரான்ஸில் ஒரு நாள் பந்தயம் நடக்கிற அதே பாதையில், போக்குவரத்தை நிறுத்திவிட்டு, பொதுமக்களை ஓட விடுகிறார்கள். டாக்டர், வக்கீல், பேக்கரிக்காரர், ரிட்டயரான வாத்தியார் என்று பதினைந்தாயிரம் பேர்வரை வருகிறார்கள். 2022-ல் பிரியான்சோன் ஊரிலிருந்து ஆல்ப் துவேஸ் உச்சிவரை பாதை. சுமார் 165 கிலோமீட்டர். மூன்று பெரிய மலை. நாலு நாள் கழித்து அதே பாதையில் புரொபஷனல்கள் ஓடியபோது இங்கிலாந்துப் பையன் டாம் பிட்காக் 4 மணி 55 நிமிஷத்தில் முடித்தார். பொதுமக்களில் ஏராளமானவர்களுக்கு அது காலையில் தொடங்கி சாயங்காலம்வரை போன வேலை.

இதில் கவனிக்க வேண்டியது நேரம் அல்ல. பிட்காக்குக்கு அது பன்னிரண்டாவது நாள். அதற்கு முன்னால் பதினோரு நாள் ஓடியிருக்கிறார். மறுநாள் காலையில் திரும்பவும் சைக்கிள் ஏறியாக வேண்டும். நம்ம பேக்கரிக்காரர் மறுநாள் மாடிப்படி இறங்கவே கைப்பிடியைத் தேடுவார்!

இதயம் என்னும் செம்பு

அவர்கள் உடம்பு மட்டும் என்ன இரும்பா?

1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர் ஸ்பெயினின் மிகேல் இந்துராய்ன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய இதயம் நிமிஷத்துக்கு 28 தடவைதான் துடிக்கும் என்று சொல்வார்கள். நமக்கு 70-ஐ ஒட்டி இருக்கும். எப்படி இது? ஒரு தொட்டியை நிரப்பணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன செம்பால் மொண்டு ஊற்றினால் எழுபது தடவை. பெரிய செம்பு என்றால் முப்பது தடவை போதும். வருஷக்கணக்கான பயிற்சியால் இதயத்தின் அறைகள் விரிந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தைத் தள்ளுகின்றன. செம்பு பெரிசாகிவிடுகிறது. பரம்பரையாக வருகிற வரமும் இதில் உண்டு. எத்தனை பயிற்சி செய்தாலும் எல்லாரும் இந்துராய்ன் ஆகிவிட முடியாது. பெற்றோரைத் தேர்ந்தெடுக்கிற வசதி இன்னும் வரவில்லையே!

அதிகபட்சமாக உழைக்கும்போது ஒரு நிமிஷத்தில் உடம்பு எவ்வளவு ஆக்ஸிஜனை உபயோகிக்கிறது என்பதற்கு 'வி.ஓ.2 மாக்ஸ்' என்று பெயர். சாதாரண ஆணுக்கு எடையில் கிலோவுக்கு 35 முதல் 45 மில்லி லிட்டர். நல்ல அமெச்சூருக்கு 55, 60. புரொபஷனல்களுக்கு 70-க்கு மேல், சிலருக்கு 80-க்கும் மேல்.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான திருப்பம். 1998-ல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், புரொபஷனல்களையும் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருக்கும் உயர்தர அமெச்சூர் வீரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அதிகபட்ச ஆக்ஸிஜன் அளவில் இரண்டு கோஷ்டிக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை! அப்புறம் ஏன் இவர்கள் ஜெயிக்கிறார்கள், அவர்கள் தோற்கிறார்கள்?

விடை வேறு இடத்தில் கிடைத்தது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மூச்சு இரைத்து, கால் எரிய ஆரம்பிக்கும். அந்த எல்லைக்கோடு புரொபஷனல்களுக்கு ரொம்ப மேலே இருந்தது. சம்பளக் கணக்காகச் சொன்னால் புரியும். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம். ஒருத்தர் எண்பது ரூபாய் செலவு செய்ததுமே கடன் வாங்க ஆரம்பித்துவிடுகிறார். இன்னொருத்தர் தொண்ணூறு ரூபாய்வரை கடனில்லாமல் ஓட்டுகிறார். பல மணி நேரம் நீடிக்கிற பந்தயத்தில் அந்தப் பத்து ரூபாய்தான் கப் வாங்கித் தருகிறது.

அந்த எல்லை எப்படி உயரும்? வருஷக்கணக்கில் கிலோமீட்டர் சேர்த்தால்தான். ஒரு புரொபஷனல் வருஷத்துக்குச் சுமார் 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பூமியை ஒரு சுற்று சுற்றினால் 40,000. அதில் முக்கால்வாசி! தீவிரப் பயிற்சி நடக்கிற வாரங்களில் இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் சீட்டிலேயே இருப்பார்கள். வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் ஆறு மணி கிடைத்தால் அதிர்ஷ்டம். பத்து மணி கிடைத்தால், வீட்டில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்!

சாயங்காலம் ஆறு மணிக்கு...

என்னைக் கேட்டால், இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் சைக்கிள் மேல் இருக்கும்போது இல்லை. இறங்கிய பிறகுதான்.

பந்தயம் முடிந்ததும் புரொபஷனலின் கையில் ஒருத்தர் குளிர்பானம் கொடுக்கிறார். இன்னொருத்தர் சைக்கிளை வாங்கிக்கொண்டு போகிறார். டீம் பஸ்ஸுக்குள்ளேயே குளியலறை. சுடச்சுடச் சாதமோ பாஸ்தாவோ தயார். ஓட்டலில் ஒரு மணி நேரம் மசாஜ். டீமின் சொந்த சமையல்காரர் சமைத்த ராத்திரிச் சாப்பாடு. ஓட்டல் மெத்தை ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்று, இங்கிலாந்தின் ஸ்கை டீம் வீரர்களுடைய சொந்த மெத்தையையும் தலையணையையும் ஊர் ஊராக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது! படுத்துத் தூங்குவதும் அவர்கள் உத்தியோகத்தில் ஒரு பகுதி. அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

அமெச்சூர்? நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் கேஸ் தீர்ந்திருக்கும். குழந்தைக்கு ஹோம் வொர்க். ராத்திரி பதினொன்றுக்குப் படுத்து, காலை நாலரைக்கு அலாரம். 'ஆபீஸுக்கு முன்னாடி ஒரு நாற்பது கிலோமீட்டர் போயிட்டு வந்துடலாம்.' ஆபீஸில் டென்ஷன். மறுபடி நாலரை மணி அலாரம்.

பயிற்சி செய்கிற நேரத்தில் தசை வலுவடைவதில்லை. அப்போது அது தேய்கிறது, நுணுக்கமாகக் கிழிகிறது. வலுவடைவது அப்புறம் சாப்பிட்டு, தூங்குகிற நேரத்தில்தான். தூக்கத்தைத் திருடி ஓட்டுகிறவர், ஒரு கையால் சுவர் எழுப்பி இன்னொரு கையால் செங்கல் உருவுகிறார். மாதக்கணக்கில் இப்படியே போனால் காலையில் எழும்போதே அசதி. காரணமில்லாத எரிச்சல். அடிக்கடி ஜலதோஷம். ஓய்வில் இருக்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏறும். ஓட்டுகிற வேகமோ குறையும். 'வேகம் குறையுதே, இன்னும் நல்லா ஓட்டணும்' என்று மனுஷன் பயிற்சியைக் கூட்டுவார்! புண்ணில் உப்பைத் தேய்க்கிற வேலை.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். நார்வேயில் வேலை பார்க்கும் ஸ்டீஃபன் செய்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பல விளையாட்டுகளின் உச்ச வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு பயிற்சியை அவர்கள் நிதானமாகத்தான் செய்கிறார்கள். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகம்! மீதியில்தான் உயிரைக் கொடுக்கிறார்கள். நம்ம அமெச்சூர் அன்பர்களோ, 'கிடைக்கிறதே ஒரு மணி நேரம்' என்று தினமும் நடுத்தரமாக மூச்சு வாங்க ஓட்டுகிறார்கள். நிதானமும் இல்லை, உச்சமும் இல்லை. புரொபஷனலைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டியது அவருடைய நிதானத்தை. நாம் காப்பியடிப்பதோ அவருடைய சட்டையை!

ஆறாயிரம் கலோரி

சாப்பாட்டிலும் இதே கதை. 1980-களில் ஹாலந்து விஞ்ஞானிகள் டூர் டி பிரான்ஸ் வீரர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று கணக்கெடுத்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாகச் சுமார் 6,000 கலோரி! நம் வீட்டு ஆண்களுக்கு 2,000 முதல் 2,500 கலோரி போதும். அவர்கள் சைக்கிள் மேலேயே சாப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். இனிப்புக் கூழ், இனிப்புத் தண்ணீர், அரிசிக் கட்டி என்று மணிக்கு 90 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது. வயிறு அதைத் தாங்குவதற்கே தனிப் பயிற்சி!

இதைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுகிறவரும் பாக்கெட் பாக்கெட்டாக இனிப்புக் கூழ் வாங்கிச் சாப்பிடுகிறார். தேவையே இல்லை. ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீர் போதும். திரும்பி வந்து நாலு இட்லி சாப்பிட்டால் முடிந்தது விஷயம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதுதான் எனக்குக் கவலை தருகிறது. எடை குறைந்தால் மேடு சுலபம் என்பது நிஜம். அதனால் ஓட்டத்தைக் கூட்டி, சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். செலவுக்கு ஏற்ற வரவு இல்லாவிட்டால் உடம்பு சிக்கனத்தில் இறங்கும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். 'பயிற்சி செய்தால் அப்படித்தான்' என்று அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். அது சாதாரணம் இல்லை. ஹார்மோன் குறைந்தால் எலும்பு மெலியும். ஆண்களும் இதற்குத் தப்பியவர்கள் அல்ல. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ஒரு தனிப் பெயரே கொடுத்து, டாக்டர்களை உஷார்ப்படுத்தியது.

எலும்பு என்றதும் இன்னொன்று. சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் சுமக்கிறது. கால் தரையில் மோதுவதே இல்லை. முட்டிக்கு இது வரம். எலும்புக்கு அப்படி இல்லை. எலும்புக்கு அதிர்ச்சி வேண்டும், பாரம் வேண்டும். வருஷக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டியவர்களில் பலருக்கு, இளம் புரொபஷனல்கள் உட்பட, இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மாடிப்படி ஏறுங்கள். நடங்கள். வாரத்தில் இரண்டு நாள் கொஞ்சம் எடை தூக்குங்கள்.

மார்பில் ஒரு பிடிப்பு

2022 மார்ச் 21. இத்தாலியின் சோன்னி கோல்பிரெல்லி ஸ்பெயினில் ஒரு பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். முந்தின வருஷம்தான் பாரி-ரூபே என்னும் பிரம்மாண்டமான பந்தயத்தை ஜெயித்திருந்தார். கோட்டைத் தாண்டிய சில நிமிஷங்களில் சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது! பக்கத்திலேயே டாக்டர்கள், பக்கத்திலேயே மின் அதிர்ச்சிக் கருவி. உயிர் பிழைத்தார். நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். இத்தாலியில் அந்தக் கருவியோடு போட்டிகளில் ஓட அனுமதி கிடையாது. அந்த வருஷக் கடைசியில் விலகிக்கொண்டார்.

2018 பாரி-ரூபேயில் பெல்ஜியத்தின் இளைஞர் மிகேல் கூலார்ட்ஸுக்கு ஓடும்போதே இதயம் நின்றது. அவர் பிழைக்கவில்லை. வயது 23.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 1947-க்கும் 2012-க்கும் நடுவில் டூர் டி பிரான்ஸ் ஓடிய பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரையும் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 786 பேர். அதே வயது பிரெஞ்சு ஆண்களோடு ஒப்பிட்டால் இவர்களில் மரணம் நூற்றுக்கு 41 பங்கு குறைவு! ஓட்டுகிறவர்கள் அதிக காலம் வாழ்கிறார்கள். நல்ல சேதி. ஆனால் ஸ்விட்சர்லாந்தில் 62 பழைய புரொபஷனல் சைக்கிள் வீரர்களை 62 கோல்ஃப் ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டபோது, வயதான காலத்தில் இதயத் துடிப்பின் தாளம் தப்புவது சைக்கிள்காரர்களிடம்தான் அதிகம் இருந்தது. 2013-ல் வெளிவந்த ஸ்வீடன் ஆராய்ச்சி 52,000-க்கும் அதிகமான பனிச்சறுக்கு வீரர்களைப் பின்தொடர்ந்தது. அதிகப் பந்தயம் ஓடியவர்களுக்கும், வேகமாக முடித்தவர்களுக்கும் இந்தத் தாளக் கோளாறு அதிகம். அவர்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

இத்தாலியில் 1982-லிருந்து, போட்டியில் ஓடுகிற யாராக இருந்தாலும் இதயப் பரிசோதனை செய்து சர்டிஃபிகேட் வாங்க வேண்டும் என்பது சட்டம். அமெச்சூருக்கும் உண்டு. நம் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பது வயது தாண்டியவரா? சர்க்கரை, பி.பி., கொலஸ்ட்ரால் இருக்கிறதா? சிகரெட் பழக்கமா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? அப்படியானால், வேகமாக ஓட்ட ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஓட்டும்போது மார்பில் இறுக்கம், தலைசுற்றல், மயக்கம், நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடிப்பது... இதில் ஏதாவது வந்தால் அந்த இடத்திலேயே சைக்கிளை நிறுத்த வேண்டும். 'இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே' என்பதெல்லாம் கூடாது. கோல்பிரெல்லிக்குப் பக்கத்தில் டாக்டர் இருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு பைபாஸ் ரோட்டில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

மருந்து ஆசை

சம்பளத்துக்காக ஓடுகிறவர்கள் ஊக்க மருந்து போட்டால் காரணம் புரிகிறது. பணம், புகழ், கான்ட்ராக்ட். 1967-ல் இங்கிலாந்தின் டாம் சிம்ப்ஸன் வான்டூ மலை ஏறும்போது சுருண்டு விழுந்து இறந்தார். வயது 29. சரியான வெயில். ரத்தத்தில் ஆம்ஃபிடமின் மருந்தும் மதுவும் இருந்தன. களைப்பை மறைக்கிற மருந்து, 'நிறுத்து' என்று உடம்பு போட்ட கூச்சலைக் காதில் விழாமல் செய்துவிட்டது.

அமெச்சூருக்கு என்ன வந்தது? பரிசு என்று பார்த்தால் ஒரு மெடலும் ஒரு பனியனும். ஆனாலும் 2012-ல் நியூயார்க்கில் நடந்த ஓர் அமெச்சூர் பந்தயத்தில் இரண்டு பேர் ஈ.பி.ஓ. போட்டு மாட்டினார்கள். சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்குக் கொடுக்கிற ஊசி அது. சிவப்பணுக்களைப் பெருக்கும். ஆரோக்கியமான உடம்பில் போட்டால் ரத்தம் கெட்டியாகி எங்கே வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் பிரையன் ஃபோகல் என்ற டாகுமெண்டரிக்காரர் இதைத் தன் உடம்பிலேயே சோதித்தார். நல்ல அமெச்சூர் வீரர். ஆல்ப்ஸ் மலையில் ஏழு நாள் அமெச்சூர் பந்தயம் ஒன்றில் மருந்தில்லாமல் ஓடி முன்வரிசையில் வந்தார். அடுத்த வருஷம் திட்டம் போட்டு ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டு அதே பந்தயத்துக்குப் போனார். சைக்கிளின் எலெக்ட்ரானிக் கியர் பாதியில் கோளாறு செய்ய, போன தடவையைவிடப் பின்னால் வந்தார்! அந்தப் படம் வேறு திசையில் போய், ரஷ்யாவின் ஊக்க மருந்து ஊழலை வெளியே கொண்டுவந்து, 2018-ல் ஆஸ்கார் வாங்கியது தனிக் கதை. ஜிம்மில் யாராவது உங்கள் பிள்ளையிடம் 'இதைப் போட்டால் ஸ்டாமினா வரும்' என்று எதையாவது நீட்டினால், இந்தக் கியர் கதையைச் சொல்லுங்கள்.

திரும்பவும் அன்னா

அப்படியானால் கணக்கு அம்மா எப்படித்தான் ஜெயித்தார்?

அதிர்ஷ்டமும் இருந்தது, மறைக்க வேண்டாம். பின்னால் வந்தவர்கள் அவரைக் கோட்டைவிட்டார்கள். ஆனாலும் மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல், ஜப்பானின் புழுக்கத்தில், கடைசி 40 கிலோமீட்டரைத் தனியாகக் காற்றை எதிர்த்து ஓட்டியது அதிர்ஷ்டம் அல்ல. அவர் நேற்று முளைத்தவரும் அல்ல. டாம் சிம்ப்ஸன் விழுந்த அதே வான்டூ மலையில் 2016-ல் ஒரு பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டத்தை ஜெயித்திருக்கிறார். 2017-ல் பெல்ஜியத்தின் ஒரு புரொபஷனல் டீமில் சேர்ந்து, ஒத்துவராமல் வெளியே வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு தன் பயிற்சி, சாப்பாடு, வெயிலுக்கு உடம்பைப் பழக்குவது எல்லாவற்றையும் தானே கணக்குப் போட்டு நடத்தினார். தன் உடம்புக்கு எவ்வளவு தாங்கும், என்றைக்கு ஓய்வு வேண்டும் என்பதை அடுத்தவரிடம் ஒப்படைக்கவில்லை. ஜெயித்த பிறகு பத்திரிகையாளர்களிடம் அவர் பேசியதன் சாரமும் இதுதான்: சின்ன வயதில், எல்லாம் தெரியும் என்று சொன்னவர்களை நம்பி நானும் கஷ்டப்பட்டேன்; அவர்களுக்கும் உண்மையில் தெரியாது.

கணக்குப் பண்டிதரானதால் அவருக்கு இதெல்லாம் கைவந்தது என்று சொல்லலாம். நமக்கு அவ்வளவு கணக்கு தேவையில்லை. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பை எண்ணி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்கு சைக்கிளுக்கு லீவு. வாரத்தில் மூன்று, நாலு நாள் ஓட்டினால் போதும். அதில் ஒரு நாள் மட்டும் வேகம், மற்ற நாள் பேச்சு. சீட்டில் உட்கார்ந்து மரத்துப் போகிறதா? சீட்டின் உயரத்தையும் சாய்வையும் கடைக்காரரிடம் சொல்லி மாற்றுங்கள். சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்புறம், பிட்காக் மலையிறக்கத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது, எதிரில் லாரி வராது என்று தெரிந்த ரோட்டில். நமக்கு வரும்!

சைக்கிளில் ஆஸ்திரியாவுக்கு அதற்கு முன் கிடைத்த ஒலிம்பிக் தங்கம் 1896-ல், ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்ஸில். அடால்ஃப் ஷ்மால் என்பவர் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில் வாங்கினார். கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களே இரண்டு பேர்தான். 125 வருஷம் கழித்து அன்னா. 2023-ல் அவரும் ஒரு புரொபஷனல் டீமில் சேர்ந்தார்.

தப்பாகக் கையை விரித்துச் சிரித்த ஆன்னமீக்? அழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, தூங்கினார். மூன்றே நாள். ஜூலை 28-ம் தேதி தனிநபர் நேரப் பந்தயத்தில் தங்கம். அப்போது அவருக்கு வயது 38.